மாரிக்கு முந்திப் புகைக்கூடு

சோளகம் தணிந்து ஐப்பசி மழை தொடங்குவதற்குள் கிடைக்கிற சில கிழமைகள்தான் கூரையில் ஏற நல்ல காலம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பல வீடுகளில் கூரை 2009க்குப் பிறகு போட்டது. புகைக்கூடு மட்டும் பழசு. கூரையில்லாமல் மழையில் நனைந்து நின்ற கூட்டில் மேல்வரிக் கற்களுக்கு இடையிலுள்ள சாந்து கரைந்துபோயிருக்கும். கீழே நின்று பார்த்தால் நேராகத்தான் தெரியும். ஏறி, ஆணியால் சுரண்டிப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் மாவாய்க் கொட்டினால் பொளி, அதாவது கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்து இடுக்கு, நிரப்ப வேண்டும். கல்லே கையால் அசைந்தால், அசையாத வரி வருமட்டும் இறக்கித்தான் கட்டவேண்டும். வாடையோடு வருகிற மழை அடிக்கும் வடகிழக்கு மூலையை முதலில் பாருங்கள்.

சீற்றுக் கூரையென்றால் ஆணி வரிசைதான் வழிகாட்டி. அதற்குக் கீழேதான் மரம். அந்த வரிசைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நடவுங்கள். அஸ்பெஸ்ரஸ் சீற்றை வெட்டுவதென்றால் நனைத்து, கைவாளால் மட்டும். கிரைண்டர் பிடித்தால் தூசு நெஞ்சுக்குள் போகும்.

ஒன்றுக்கு மூன்று சீமெந்துச் சாந்தால் கூட்டை முழுக்கப் பூசிவிடுகிற மேசன்மார் உண்டு. பார்க்க வடிவுதான். ஆனால் எங்கள் பக்கத்துச் சூளைக்கல் மென்மையானது. கடும் பூச்சில் மயிரிழை வெடிப்பு வரும்; அதால் போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கல்லிலேயே ஊறி, கடைசியில் கல்லின் முகத்தோடு பூச்சுப் பெயரும். சீமெந்து ஒன்று, நீற்றிய சுண்ணாம்பு ஒன்று, அரித்த ஆற்றுமணல் ஆறு: இது போதும். கடற்கரை மணல் வேண்டாம், உப்புப் பூக்கும்.

கணக்கு இதுதான். 18 அங்குலச் சதுரக் கூடு, அரைக்கல் சுவர் (கல்லின் அகலமே சுவரின் தடிப்பு) என்றால் ஒரு வரிக்கு 6 கல், ஒரு அடிக்கு 4 வரி. மேல் 2 அடியைத் திரும்பக் கட்ட 48 கல். உடைவுக்கும் சேர்த்து 55 எடுங்கள். சாந்து 10 லீற்றர் வாளியில் மூன்று. மேல்மூடிக்கும் சேர்த்துச் சீமெந்து அரைப் பை காணும்.

பொளியை 1 அங்குலம் ஆழத்துக்கு ஒடுங்கிய உளியால் கொத்தி, தூசு தட்டி, முதல்நாள் பின்னேரமே நனைத்துவிடுங்கள். கல் ஈரமாக இருக்கவேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. சாந்தை மூன்று தட்டாய் இறுக்குங்கள். பெருவிரலால் அமத்தினால் அடையாளம் மட்டும் விழுகிற பதம் வந்தபிறகே அடுத்த தட்டு. வன்னி வெயிலுக்கு இது மத்தியான வேலை இல்லை. முடிந்ததும் நனைந்த சாக்கு சுற்றி, மூன்று நாள் காயவிடாதீர்கள்.

உச்சியில், புகை போகும் வாயை விட்டு, 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கொங்கிறீற்று மூடி, 2½ அங்குலத் தடிப்பு, நாலு பக்கமும் 2 அங்குலம் வெளியே. வார்க்கும்போது அடிப்பலகையில் ஓரத்தை ஒட்டிக் கயிறு வைத்தால் ஒரு தவாளிப்பு விழும். சொட்டு அதிலேயே அறுந்து விழுந்துவிடும், சுவரில் வழியாது. அதற்கு மேலே மழைத்தட்டு வைப்பவர்கள் கம்பியால் கட்டிவிடுங்கள். குரங்கு குந்துகிற ஊர் இது.

கூரையும் கூடும் சந்திக்கிற இடத்தில்தான் அதிக ஒழுக்கு. கூரை வெயிலில் நீண்டு சுருங்கும், கூடு அசையாது. இடையில் சாந்தை அப்பினால் வெடிக்கத்தான் செய்யும். தகரம் மடித்துப் போடுங்கள்: முதலில் கீழ்ப்பக்கம், பிறகு இரு ஓரம், கடைசியாக மேற்பக்கம். சுவரில் 6 அங்குலம் ஏறி, 1 அங்குலம் பொளிக்குள் திரும்பவேண்டும். கீழ்த்தகரம் ஓட்டுக்கு மேலே, மேல்தகரம் ஓட்டுக்குக் கீழே. இது மாறினால் தண்ணீர் நேரே அடுப்படிக்குத்தான். தகரத்தைக் கூரை மரத்திலும் சுவரிலும் சேர்த்து அறையாதீர்கள். மரத்துக்கும் கூட்டுக்கும் இடையில் 2 அங்குலம் விடுங்கள்.

அடுப்புக்கு நேர்மேலே உட்பக்கம் சீமெந்து நிற்காது, சூட்டில் பெயரும். அங்கே புற்றுமண், மணல், கொஞ்சம் உமி குழைத்துப் பூசுங்கள்.

ஒரு கிழமை கழித்து, ஒரு கேத்தில் தேத்தண்ணி கொதிக்கிற அளவுக்குச் சிரட்டை நெருப்பு. பிறகு ஈர வைக்கோலைப் போட்டுப் புகைய விட்டு, உச்சியை நனைந்த சாக்கால் கொஞ்சநேரம் மூடி, கோப்பிசத்துக்குள் (கூரைக்குக் கீழுள்ள மரச்சட்டப் பகுதி) ரோச் அடித்துப் பாருங்கள். புகை கசிகிற பொளியைக் கரியால் குறித்து, அதைத் திரும்ப நிரப்புங்கள்.