பனையடைப்பு, நாவலடி, புளியடி வளவு

நம் பழைய மாணவர் சங்க மலர்க்குழுவினர் இம்முறை விளையாட்டைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். கல்லூரியில் நான் ஓடியதெல்லாம் கடைசியாக வந்த ஓட்டங்கள். ஆகவே ஓட்டத்தை விட்டுவிட்டு, ஓடிய தரையைப் பற்றி எழுதுகிறேன். அந்தத் தரையைத் தேடித் தந்தவரைப் பரிசளிப்பு விழாக்களில் பார்த்திருப்பீர்கள். முன்வரிசையில் வெள்ளைக் காற்சட்டையும் கறுத்தக் கோட்டுமாக இருந்து, நன்றியுரை தொடங்கமுன் எழும்பிப் போய்விடுவார். பெயர் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டிருக்கிறார்கள். பிறக்கிராசியார் என்றால் ஊராருக்கு விளங்கும். வழக்குப் பேசும் சட்டத்தரணிக்கு அந்தக் காலத்துப் பெயர் அது; இவர் காணி உறுதிப்பத்திரமும் எழுதுவார்.

நம் மைதானம் உறுதிப்படி ஒரு காணி அல்ல. பனையடைப்பு, நாவலடி, புளியடி வளவு என்று மூன்று. நூறு யார் ஓட்டம் பனையடைப்பில் தொடங்கி நாவலடியில் முடியும். புளியடி வளவில்தான் நீளம் பாய்தலுக்கு மணல் கொட்டியிருந்தது. நமக்கு அந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய வயதும் அல்ல.

மூன்று காணியிலும் பிரிபடாத பங்குகள். நாவலடியை ஒரு பாட்டனார் ஆறு பிள்ளைகளுக்கு விட்டுப் போனார். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வரும்போது 1/24, அதற்குப் பிறகு 1/48 என்று சுருங்கியது. பங்காளரில் பாதிப்பேர் மலாயாவில், ரயில்வேயிலும் கந்தோர்களிலும். ஈப்போவில் ஒருவர், சிரம்பானில் இரண்டுபேர், கோலாலம்பூரில் ஒருவர் எங்கே என்று அவருடைய தமையனுக்கே தெரியாது. இதற்கு மேலே யாழ்ப்பாணத்தாரின் வழக்கச் சட்டமான தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி நம் வழக்கங்களைத் தொகுத்து வைத்தார். அதில் வேர்கொண்ட சட்டம் இன்றைக்கும் நம் காணிகளை ஆள்கிறது. ஒரு பங்காளர் தன் பங்கை வெளியாருக்கு விற்பதென்றால் முதலில் மற்றப் பங்காளருக்கு அறிவிக்க வேண்டும். பெண்ணுடைய சீதனக் காணியை அவள் விற்பதற்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பெண் இங்கே, கணவன் ஈப்போவில், காணி நம் கோல் கம்பத்தடியில். இதுதான் பிறக்கிராசியாரின் நிலைமை.

அவர் கடிதம் எழுதினார். ஆண்டுக்கணக்கில் எழுதினார். அற்றோணித் தத்துவத்துக்கு, அதாவது தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு, ஒரு மாதிரி தட்டச்சடித்து, எங்கே கையெழுத்து, எங்கே சாட்சி என்று பென்சிலால் புள்ளி போட்டு அனுப்புவார். பதில் வராவிட்டால், அங்கிருந்து பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வருகிறவர்களைப் பிடித்து விசாரிப்பார். எங்கள் பக்கத்தில் 16 பரப்பு ஓர் ஏக்கர். பரப்புப் பரப்பாகக்கூட அல்ல, குழிக்கணக்கில்தான் அந்த மைதானம் சேர்ந்தது.

1960 டிசம்பரில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது முகாமைச் சபையில் இருந்த பெரிய மனிதர்கள் பலர் கையைத் தட்டிவிட்டுப் போனார்கள். இனிமேல் அரசாங்கப் பள்ளிக்கூடம், அரசாங்கமே காணி வாங்கட்டும் என்பது அவர்கள் கதை. “பள்ளிக்கூடம் ஆற்றையெண்டாலும் பிள்ளையள் எங்கடைதானே” என்று இவர் சொன்னதாக என் ஐயா சொல்லக் கேட்டிருக்கிறேன். புளியடி வளவு முழுவதும் அதற்குப் பிறகு வாங்கியதுதான். பழைய மாணவர் சங்கம் காசு சேர்த்தது. எழுத்துக்கூலி என்று அவர் ஒரு சதமும் எடுக்கவில்லை.

காலையில் அவர்கள் வீட்டுக்குப் பால் கொண்டுபோவது என் வேலை. அதனால் ஊர் பார்க்காத ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு நான்கு பெண்கள். மனைவி ஆசிரியை, சுன்னாகத்தில் பஸ் பிடிக்க வேண்டும். நான் பால் செம்போடு குசினி வாசலில் நிற்பேன். விறாந்தையில் பிறக்கிராசியார் ரிபனைப் பல்லில் கடித்தபடி, கடைக்குட்டிக்குப் பின்னல் பின்னிக்கொண்டிருப்பார். கறுத்தக் கோட்டு ஆணியில் தொங்கும். முற்றத்தில் இரண்டு மூன்று கட்சிக்காரர் உறுதிக்கட்டோடு காத்திருப்பார்கள். ஒரு பின்னல் மேலே, ஒரு பின்னல் கீழே என்று அமைந்துவிடும். “இஞ்சருங்கோ, பிள்ளை பள்ளிக்கூடம் போறாளோ, கூத்தாடப் போறாளோ?” என்று உள்ளே இருந்து குரல் வரும். அவர் வாய் திறக்கமாட்டார், ரிபன் விழுந்துவிடும். அவிழ்த்து முதலில் இருந்து பின்னுவார். இரவு ஏழு மணிக்குப் பிறகு எந்தக் கட்சிக்காரரையும் பார்க்கமாட்டார். சாப்பாடு எல்லோரும் ஒன்றாக. கொலைவழக்கு என்றாலும் விடிந்து வா என்பதுதான் பதில்.

பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியதும் நம் மைதானத்தில்தான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவார். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஊருக்கெல்லாம் சீதன உறுதி எழுதுகிறவர் தன்னுடைய பெட்டையளை இப்படி வளர்க்கிறார் என்றார்கள். இரண்டு பெண்கள் பேராதனைக்குப் படிக்கப் போன பிறகு அந்தக் கதை அடங்கியது.

வேலிச் சண்டை நம் ஊரின் தேசிய விளையாட்டு. கிடுகு வேலியைப் புதுப்பிக்கும்போது, பட்டுப்போன கதியாலுக்கு, அதாவது வேலியில் நட்டு வளர்க்கும் தடிக்கு, பதிலாகப் புதுக் கதியாலை ஒரு சாண் தள்ளி அடுத்தவன் பக்கமாக நடுவது. பத்து வருடத்தில் ஒரு முழம் கிடைத்துவிடும். இதை நம்பி வாழ்ந்த சட்டத்தரணிகள் யாழ்ப்பாணத்தில் நிறையப்பேர். மாடிவீடு கட்டினார்கள், அதில் எத்தனை செங்கல் கதியாலில் இருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஐயாவும் ஒருநாள் கொதித்துக்கொண்டு போனார், மல்லாகம் கோட்டில் வழக்குப் போட வேண்டும் என்று. “வழக்கு வைக்கிறது சுகம். ஆனா உன்ரை பேரன்தான் தீர்ப்புக் கேப்பான். சனிக்கிழமை வாறன், மண்வெட்டி எடுத்து வை” என்று அனுப்பிவிட்டார்.

சொன்னபடி வந்தார். முதலில் எதிராளி வீட்டில் தேத்தண்ணி, பிறகுதான் எங்கள் வீட்டில். இரண்டு பகுதியையும் வேலியடியில் நிற்க வைத்துவிட்டு, பழைய பூவரசின் அடிக்கட்டையைக் கிண்டச் சொன்னார். கிளுவை நின்ற இடமெல்லாம் நேற்று நட்டது மாதிரி. பூவரசின் வேர் மட்டும் உக்கிக் கறுத்து மண்ணுக்குள் கிடந்தது. அதில் இருந்து மற்ற மூலைக்குக் கயிறு கட்டினார். ஐயா கேட்ட முழத்தில் பாதிதான் வந்தது. அந்தக் கயிற்றின்படி வேலி அடைத்தாயிற்று. பக்கத்து வீட்டாரோடு எங்களுக்குக் கல்யாணவீடு செத்தவீடு ஒருநாளும் விட்டுப்போகவில்லை.

இனிச் சொல்லப்போவது நம்முடைய முந்திய மலர்களில் வரவில்லை. வராததற்குக் காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சாதி ஒடுக்குமுறைக்கு எதிராகச் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனது. பொலிஸ் அடி விழுந்தது. அதன் பிறகு தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் நடந்த போராட்டங்களில் பல பெடியன்கள் வழக்குக்கு இழுபட்டார்கள். 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது; கடையில் ஒருவனுக்குத் தேத்தண்ணி மறுப்பது குற்றம். சட்டம் புத்தகத்தில் இருந்தது, ஒடுக்கப்பட்ட சாதியாருக்குப் போத்தலில் தேத்தண்ணி கொடுக்கும் வழக்கம் கடையில் இருந்தது. பிறக்கிராசியார் அந்தப் பெடியன்களுக்காகக் காசு வாங்காமல் வழக்குப் பேசினார். ஊரின் பெரிய வீடுகள் சில தங்கள் உறுதிக்கட்டை அவரிடம் இருந்து எடுத்துக்கொண்டு உறுதி எழுதும் வேறு நொத்தாரிசிடம் போயின. அவருடைய மனைவியின் ஒன்றுவிட்ட தமையன் வீட்டுப் படியை மிதிக்காமல் விட்டார். மனைவி அதற்கு என்ன சொன்னார் என்பதைப் பால் செம்போடு நின்று கேட்டவன் நான்: “வராட்டில் விடட்டும். அரிசி மிச்சம்.” ஒருவரை மட்டும் மனதில் வைத்து ஊர் அவரைத் தியாகி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வருடங்களில் வருமானம் குறைந்தபோது, ஆசிரியைச் சம்பளத்தில் அந்த வீட்டை ஓட்டியவர் அந்த அம்மா.

1974இல் பெரிய கோடுகளில் வாதாடும் அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற பிரிவு சட்டப்படி ஒழிந்து எல்லோரும் சட்டத்தரணி ஆனார்கள். அதற்குப் பிறகு நானும் கடல் கடந்துவிட்டேன். மீதியைக் கடைக்குட்டி மகள் சொன்னார், அந்தக் கோணல் பின்னல்காரி.

உறுதி முடித்தால் ஒரு படி உரியவருக்கு, ஒன்று காணிப் பதிவுக் கந்தோருக்கு, ஒன்று நொத்தாரிசிடம். 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கியபோது, நம் ஊர்ப்பகுதியான வலிகாமமே எழும்பிச் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. நல்ல மழை. எழுபதைத் தாண்டிய மனிதர், வீட்டுச் சாமானில் கைவைக்காமல், தன் படிகளை எல்லாம் பொலித்தீனில் சுற்றி உரப்பைகளில் கட்டினார். மூன்று சைக்கிள், இரண்டு பேரன்மார், ஒரு மருமகன். மனைவியின் தையல் மெசினை விட்டுவிட்டுப் போக நேர்ந்ததை அந்த அம்மா கடைசிவரை சொல்லிக் காட்டினாராம். அடுத்த வருடம் திரும்பி வந்து, நனைந்த தாள்களை நூல் கட்டி விறாந்தையில் காயப்போட்டார்கள். கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து, உறுதி தொலைந்துவிட்டது, பிரதி வேண்டும் என்று வந்த கடிதங்களுக்கு அவர் பதில் போட்டதெல்லாம் அந்தத் தாள்களைப் பார்த்துத்தான். இதை வாசிக்கிறவர்களிலும் அப்படி ஒரு பிரதி கையில் உள்ளவர்கள் இருப்பீர்கள்.

போரில் மூடியிருந்த, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்த பிறகு ஊருக்குப் போனபோது அவரைப் போய்ப் பார்த்தேன். காது மந்தம். ஆனால் பால் செம்பு நினைவில் இருந்தது. கொப்பர் எப்ப காலமானவர் என்று திகதியோடு கேட்டார். லண்டன் சங்கம் மைதானத்துக்குப் பார்வையாளர் மண்டபம் கட்ட யோசிக்கிறது என்று உற்சாகமாகச் சொன்னேன். “கட்டுங்கோ. ஆனா கிழக்கு மூலையிலை கட்டாதேங்கோ” என்றார். அலுமாரியில் இருந்து நாவலடிக் கட்டை எடுக்கச் சொல்லி, ஒரு தாளில் விரலை வைத்தார். 1/24 பங்கு இன்னமும் எழுதப்படவில்லை. சிரம்பானில் இருந்த ஒருவருடைய பங்கு. கடைசிக் கடிதம் உரியவர் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. அந்த உறையையும் பத்திரமாகக் குத்தி வைத்திருந்தார்.

அடுத்த வருடம் அவர் காலமானார். நாவலடிக் கட்டு இப்போது அவருடைய மூன்றாவது மகளிடம் இருக்கிறது. மண்டப வேலைக்கு நிதி திரட்டும் சங்கம் அந்த மூலையைப் பற்றி இன்னும் ஒரு முடிவும் எடுக்கவில்லை. நாவலடிக்காரரின் வழித்தோன்றல்கள் மலேசியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருந்தால், அல்லது இருப்பவர்களை உங்களுக்குத் தெரிந்தால், சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள். ஊருக்குப் போகத் தேவையில்லை. இருக்கும் நாட்டில் இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவத்துக்குக் கையெழுத்து வைக்கலாம். மாதிரிப் படிவம் கட்டுக்குள்ளேயே இருக்கிறது, பென்சில் புள்ளிகளோடு.