ஆயித்தியமலைக்கு அம்மாவின் நேர்த்தி

தம்பி டெங்கு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நேரம், பிளேட்லெட் இன்னும் இறங்குகிறது என்று டொக்டர் சொன்ன இரவிலேயே அம்மா யாரிடமும் கேட்காமல் மட்டக்களப்பின் ஆயித்தியமலைத் திருத்தலத்துச் சதாசகாய மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டார். "பிள்ளை எழும்பி வந்தா உன்னட்ட நடந்தே வாறன் தாயே." அம்மா சொன்னதை மாதா கேட்டார், தம்பி எழும்பிவிட்டான். மிச்சமிருந்தது அம்மாவின் முழங்கால்தான். ஓட்டோவில் போய் கடைசிக் கொஞ்சத் தூரம் மட்டும் நடப்போமே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "மாதாட்டயும் விலை குறைக்கச் சொல்லுறியாகா?" என்றார். அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை.

திருவிழாவுக்கு முதல்நாள், விடியுமுன் இருட்டோடு எங்கள் பங்குச் சனம் மட்டக்களப்பு நகரத்துத் தாண்டவன்வெளியிலிருந்து புறப்பட்டது. முன்னால் சிலுவை, பிறகு பெடியன்கள், மெகாபோனில் செபமாலை. வலையிறவுப் பாலம் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. சண்டைக் காலத்தில் இந்த இடத்தில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டித்தான் வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரைக்குள் போக முடியும். இப்போது பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். எடுக்கட்டும், நல்லதுதான்.

வவுணதீவு தாண்டியபின் வெயில் ஏறத் தொடங்கியது. வெட்டி முடிந்த வயல்வெளிகள், ஒதுங்க நிழலில்லை, அதற்குமேல் கச்சான் என்கிற வறண்ட காற்று. நெருப்பை அள்ளி முகத்தில் வீசுவதுபோல் அடித்தது. வழியில் தண்ணீரும் தேசிக்காய்த் தண்ணீரும் தந்தவர்களில் பாதிப்பேர் சைவ வீட்டுக்காரர். ஒரு ஆச்சி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் சிலுவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபிறகுதான் தண்ணீரே வார்த்தார்.

அம்மாவின் நடை குறைந்துகொண்டே வந்தது. முன்னால் போனவர்களின் செபமாலைச் சத்தம் தேய்ந்து, பிறகு கேட்கவே இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்தது ஒரேயொருவர், எங்கள் பங்குச்சுவாமி. பழைய சைக்கிளொன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஹாண்டிலில் தண்ணீர்ப் போத்தல்கள், கரியரில் யாரோ களைத்துப்போன பிள்ளை. அவர் முன்னால் போயிருப்பார் என்றே நான் நினைத்திருந்தேன்.

அம்மாவுக்குப் பெரிய சங்கடம். "சுவாமி, நீங்க முன்னுக்குப் போங்க. எங்களால உங்களுக்குப் பிந்துது."

"முன்னுக்குப் போறாக்களுக்குச் சிலுவை இருக்குதானே அம்மா. கடைசியா வாறாக்களுக்குத் தண்ணி வேணும்" என்று சொல்லி ஒரு போத்தலை நீட்டினார். பிறகு அவரே செபமாலைப் பாட்டை எடுத்தார். பாட்டு மட்டும் அவருக்குச் சுத்தமாக வராது. பின்னால் சைக்கிளில் இருந்த பிள்ளை சிரித்துவிட்டது, அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு இன்னும் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டோம்.

மரத்தடியில் கால் ஆறிய நேரம் அம்மா பழைய சாமிமாரின் கதைக்குப் போனார். மட்டக்களப்பில் வயதானவர்கள் யாரிடமும் இந்தக் கதை வரும். மரியன்னை பேராலயப் பங்குத்தந்தை சந்திரா பெர்னாண்டோ அடிகளார், ஊர்ச் சனத்தின் பிரச்சினைகளுக்கு முன்னின்றவர். 1988 ஜூன் 6ஆம் திகதி சுட்டுக் கொன்றார்கள். ஹெபர்ட் பாதர் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசுசபைக் குரு, மட்டக்களப்பு மைக்கல் கல்லூரிப் பெடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கினவர். 1990 ஆகஸ்டில் கலவரம் மூண்ட நேரம் வாழைச்சேனைக்குப் போனார். 15ஆம் திகதி, விண்ணேற்புத் திருநாளன்று, திரும்பி வரும் வழியில் கூட வந்த இளைஞரோடு காணாமற்போனார். இன்றுவரை ஒரு தடயமில்லை. "நாடு விட்டுப் போயிருக்கலாம். ஆரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார் அம்மா. சுவாமி பதில் சொல்லாமல் சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, திருத்தலத்துக்கு வந்து சேர்ந்த கதை. வாசலிலேயே மெழுகுதிரி விற்பவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "அம்மா, பெரிய நேர்த்திக்குப் பெரிய திரி" என்று ஒருவர் கையில் திணித்துவிட்டு, கடையில் வாங்குவதைவிட இரண்டு மடங்கு கேட்டார். ஓட்டோக்காரர்களோ அப்போதே மறுநாள் போவதற்கு விலை பேசினார்கள். அதைக்கூடப் பொறுக்கலாம். திருவிழா காலையில் பீடத்துக்கு முன்னால் கயிறு கட்டி, பிரமுகர்களுக்கென்று கதிரைகள் போட்டிருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவை வெறுமையாகக் கிடக்க, ஊன்றுகோலோடு கிழவிகள் மண்ணில் இருந்தார்கள். அம்மாவை ஒரு ஓரக் கதிரையில் இருத்தப் பார்த்தேன். அட்டை மாட்டிய பெடியன் ஒருவர் வந்து எழுப்பிவிட்டார். பெரிய வியாழனில் பாதம் கழுவுகிற திருச்சபையில் இந்தக் கயிறு எங்கிருந்து வந்ததோ! எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அம்மா மண்ணில் சேலையை ஒதுக்கிக்கொண்டு இருந்தார். "விடு மனே. கதிரை கிடைச்சா நான் நித்திரை கொண்டுருவன்."

ஆயர் தலைமையில் கூட்டுத்திருப்பலி. 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகும்வரை எங்களுக்கும் திருகோணமலைக்கும் ஆயர் ஒருவர்தான். நீள வரிசையில் வந்த குருக்களுக்குள் எங்கள் சுவாமியை அடையாளம் காணவே நேரமெடுத்தது. வெள்ளை உடுப்பில் எல்லாரும் ஒன்றுபோல இருந்தார்கள், இவர் மட்டும் கொஞ்சம் நொண்டினார்.

சனம் கலைந்தபிறகுதான் மாதா படத்துக்குக் கிட்டப் போக முடிந்தது. சதாசகாய மாதா படம் சிறுவயதிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. ஆனால் அன்று என் கண் போனது பாலகனின் காலுக்கு. வானதூதர்கள் காட்டுகிற சிலுவையையும் ஈட்டியையும் பார்த்துப் பயந்து, தாயின் கையைப் பிடித்திருக்கிறார். ஒரு காலில் செருப்பு கழன்று வாரில் தொங்குகிறது. உலகைப் படைத்தவர் செருப்பு நழுவ ஓடிவந்து அம்மாவிடம் ஒண்டிக்கொள்கிறார். பக்கத்தில் என் அம்மா, கொப்புளம் வெடித்த வெறுங்காலோடு நின்று, திரும்பத் திரும்ப "என்ட தாயே, என்ட தாயே" என்றார். வேறு ஒரு செபமும் வரவில்லை அவருக்கு. தம்பி கையில் மெழுகுதிரி உருகி விரலில் வழிந்தும் அவன் அசையவில்லை. குழாய் செருகிக் கிடந்த கை அது. நான் கேட்க நினைத்து வந்த காரியங்கள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. நன்றி தாயே, நன்றி, என் தம்பிக்கு நன்றி, அம்மாவின் முழங்காலுக்கு நன்றி, பின்னால் வந்த அந்தச் சைக்கிளுக்கும் நன்றி. அழுது முடிக்கவே நேரமாயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. எங்கள் சுவாமி மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, ஏறாதவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஒருவர் எழும்பி இடம் தந்தார். இருந்ததும் காலைத் தடவிக்கொண்டே, செப்டம்பர் 14இல் சொறிக்கல்முனை திருச்சிலுவைத் திருவிழாவுக்குப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்து மாமியிடம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.