போர்வையில் தெரியும் மரியாதை

கென்யாவின் லூவோ மக்கள் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் பெரிய மனிதர் என்றால் தலையில் தீக்கோழி இறகு, கல்யாணமான பெண் என்றால் இடுப்புக்குப் பின்னால் நாரில் செய்த ஒரு வால். ஆளைப் பார்த்ததுமே யார் என்ன என்று தெரிந்துவிட்டதாம். ஊட்டியில் இருந்துகொண்டு இதைப் படித்தால் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூத்துக்குளி என்கிற பூத்தையல் போர்வை நினைவுக்கு வராமல் இருக்குமா?

வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பு கறுப்பு நூல், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே போர்வைதான். அப்புறம் அந்தஸ்து எங்கே இருக்கிறது என்றால், பெரும்பாலும் போர்த்தும் விதத்தில். பெரியவர் முன்னாலும், எருமைப் பாலைக் கடைந்து பூசை நடக்கும் பால்கோயில் முன்னாலும் ஆண்கள் வலது தோளைத் திறந்துவிடுவார்கள், நாம் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுகிற மாதிரி. மிகப் புனிதமான பால்கோயில்களின் பூசாரிக்கு மட்டும் அந்தக் காலத்தில் கருநிற ஆடை. எனக்கு அதுதான் பிடித்தது: ஊரே வெள்ளையில் நிற்க, உச்சத்தில் இருப்பவர் இருண்ட ஒரு துணியில்.

தையல் முழுக்கப் பெண்கள் கை. துணியில் கோடு போட்டுக்கொள்வதில்லை, இழைகளை எண்ணியே ஊசி போகும். நாம் பின்பக்கம் என்று நினைக்கிற, நூல் புடைத்துக்கொண்டிருக்கும் பக்கம்தான் அவர்களுக்கு முன்பக்கம். 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் கடைவீதியில் மெஷின் தையலைத் தோடர் சால்வை என்று விற்கிறார்கள், எரிச்சலாக வருகிறது. வாங்குவதற்கு முன் விரலால் தடவிப் பாருங்கள், கைத்தையல் என்றால் நூல் மேடாகத் தட்டுப்படும்.