டிஜிட்டல் பியானோவின் உறுமலை அடக்குதல்

டிஜிட்டல் பியானோவை மடிக்கணினியுடன் யூஎஸ்பி கேபிளாலும், ஸ்பீக்கர்களுடன் ஆடியோ கேபிளாலும் இணைத்ததும், மெல்லிய வாசிப்பின் இடைவெளிகளை ஓர் உறுமல் நிரப்பிவிடுகிறது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியவுடன் அது அடங்கினால், காரணம் பெரும்பாலும் கிரவுண்ட் லூப்தான்: கருவிகள் வெவ்வேறு வழிகளில் எர்த்துடன் இணையும்போது, அவற்றுக்கிடையிலான சிறு மின்னழுத்த வேறுபாடு கேபிளின் உறைக்கம்பி வழியே மின்னோட்டமாகப் பாய்ந்து, 50 ஹெர்ட்ஸ் அதிர்வையும் அதன் மடங்குகளையும் இசையில் கலந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பார்ப்பதே முதல் வேலை. அதிலும் தீராவிட்டால், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள லைன் ஐசோலேட்டரை ஆடியோ கேபிளின் நடுவே வைப்பதே நான் நம்பிப் பரிந்துரைக்கும் வழி. ஒலி காந்தப்புலம் வழியே கடந்துவிடும், கம்பித் தொடர்பு மட்டும் அறுந்துவிடும். எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. எஞ்சும் 'உஸ்' ஒலி, பியானோவின் வால்யூமை ஏற்றி ஸ்பீக்கரின் வால்யூமைக் குறைத்தாலே பெருமளவு தணியும்.