போய்ரா, 22 நவம்பர் 1971

1971 இந்திய-பாகிஸ்தான் போர் என்றாலே டிசம்பர் 3-இல் தொடங்கியது என்றுதான் படித்திருப்போம். ஆனால் வானத்தில் முதல் பெரிய மோதல் அதற்கு 11 நாள் முன்பே, வங்காள எல்லையில் போய்ரா என்ற இடத்துக்கு மேலே நடந்துவிட்டது. எனக்கு விமானப்படைச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த சம்பவம் அது. பெரும்பாலும் "மூன்று சேபரை (பாகிஸ்தானின் போர் விமானம்) அடித்தார்கள்" என்று ஒரே வரியில் அதை முடித்துவிடுகிறார்கள், அதில்தான் எனக்கு வருத்தம்.

அன்று காலையிலிருந்தே பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் கரீப்பூர் பக்கம் நம் தரைப்படையைத் தாக்கிக்கொண்டிருந்தன. 'நாட்' (Gnat) என்ற நம் போர் விமானங்கள் கல்கத்தா டம்டம்மிலிருந்து கிளம்பி வருவதற்குள் அவை திரும்பிப் போய்விடும். பிற்பகல் மூன்று மணி வாக்கில் மறுபடி வந்தபோதுதான் சிக்கின. மாஸி, சோரஸ், கணபதி, லாசரஸ் என்று நான்கு பேர், நான்கு நாட். தரையில் ராடார் திரையைப் பார்த்து அவர்களுக்கு வழி சொன்னவர் பாக்சி என்ற இளம் அதிகாரி. அவர் சரியான திசையில் கொண்டுபோய் நிறுத்தியதால்தான் மற்றதெல்லாம் நடந்தது, அவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாட் ரொம்பச் சின்ன விமானம். இறக்கையின் முழு அகலமே 7 மீட்டருக்குள்தான், தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணில் படவே படாது. இரண்டு 30 மி.மீ. பீரங்கிகள், ஒவ்வொன்றுக்கும் 115 குண்டு, விசையை விடாமல் அழுத்தினால் ஆறு விநாடிக்குள் காலி. அதனால் பின்னால் நெருங்கிப் போய், எதிரி குறிபார்க்கும் கண்ணாடிக்குள் பெரிதாகத் தெரியும்வரை பொறுத்துச் சுட வேண்டும். அதுவும் திருப்பத்தில் உடம்பின் எடை பல மடங்காகி, கழுத்தைத் திருப்புவதே பெரும்பாடாக இருக்கும் நேரத்தில்.

கணபதிக்கும் லாசரஸுக்கும் நேர் முன்னால் இரண்டு சேபர்கள் வந்து சிக்கின. இருவரும் ஆளுக்கொன்றைச் சுட்டார்கள். லாசரஸ் அத்தனை கிட்டத்தில் சுட்டதால் வெடித்த சேபரின் துண்டுகள் அவர் விமானத்திலேயே வந்து மோதின. கணபதி வயர்லெஸ்ஸில் "மர்டர், மர்டர், மர்டர்" என்று கத்தினார். எதிரி விமானம் விழுந்தது என்பதற்கான குறிச்சொல் அது. மாஸி மூன்றாவது சேபரை அடித்தார், அதற்குள் அவருடைய பீரங்கி மக்கர் பண்ணிவிட்டது, அடிபட்ட அந்தச் சேபரை அதன் விமானி எப்படியோ ஓட்டி டாக்கா போய்ச் சேர்ந்தார். எதிரியாக இருந்தாலும் அது சாதாரணத் திறமை இல்லை. சண்டை முழுக்க இரண்டு மூன்று நிமிடம்தான். நான்கு நாட் விமானங்களும் பத்திரமாகத் திரும்பின, மாஸி, கணபதி, லாசரஸ் மூவருக்கும் வீர் சக்ரா விருது கிடைத்தது. சோரஸின் வேலை தலைவன் மாஸியின் முதுகைக் காப்பது. அவர் பின்னால் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தானே மாஸி முன்னால் மட்டும் பார்த்துச் சுட முடிந்தது?

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். பாராசூட்டில் இறங்கிய இரண்டு பாகிஸ்தான் விமானிகளும் நம்மவர்களிடம் பிடிபட்டார்கள். ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. காலையிலிருந்து மேலிருந்து சுட்டவர்கள் கையில் கிடைத்ததும் ஜவான்கள் கோபத்தில் அவரை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது கேப்டனாக இருந்த பனாக் (பின்னாளில் லெப்டினன்ட் ஜெனரல்) ஓடிப்போய்க் குறுக்கே நின்று தடுத்தார், காயத்துக்குக் கட்டுப் போட வைத்து டீ கொடுத்தார். குரேஷியின் உடைமைகளில் அவர் மனைவியின் படம் இருந்தது.

சண்டையில் ஜெயித்ததைவிட பனாக் அந்த ஒரு நிமிடம் செய்தது கடினமான காரியம் என்று நான் நினைக்கிறேன். மேலே எதிரி ஒரு இயந்திரமாகத்தான் தெரிவான். கீழே ரத்தம் வழிய நிற்கும்போது, அதுவும் சொந்த ஆட்களை எதிர்த்து, அவனைக் காப்பாற்ற வேறு மாதிரித் துணிச்சல் வேண்டும்.

குரேஷி 1997-இல் பாகிஸ்தான் விமானப்படைத் தலைவரானார். லாசரஸ் அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார். குரேஷி நன்றி சொல்லி, அன்று இந்திய விமானிகள் சண்டையிட்ட விதத்தையும் பாராட்டிப் பதில் போட்டார்.