ஈடேல் நாட்குறிப்பு: மழைக்கும் மேல்காற்றுக்கும்

மே 9
இங்கிலாந்தின் பீக் மாவட்டத்து ஈடேலில் கூடாரம். மேலே கின்டர் மேடு; அதன் விளிம்பில் கின்டர் டவுன்ஃபால் அருவி. மழையும் மேல்காற்றும் (மேற்கிலிருந்து வரும் காற்று) சேர்ந்தால் அதன் தண்ணீர் மேலே எழும்பும், அதைப் பார்க்கத்தான் காத்திருப்பு. ஓடையோரப் புல் பார்க்க அழகு, படுக்க லாயக்கில்லை. தெளிந்த இரவில் கின்டர் சரிவின் குளிர் இறங்கி அடிப்பள்ளத்தில்தான் தேங்கும். கொஞ்சம் மேலே, கல்சுவருக்குக் கிழக்கே இடம் பிடிப்பது மேல். கூடார வாசல் கிழக்கு பார்த்து. புல்லுக்கு அடியில் கல்; மெல்லிய அலுமினிய முளை வளையும், வி வடிவ எஃகு முளைதான் தாங்கும். முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளியே சாய, கயிற்றுக்குச் செங்குத்தாக அடிக்க வேண்டும்.

மே 10
மறுபடி வெயில். எல்லோருக்கும் சந்தோஷம், அருவிக்கு மட்டும் ஆகாது.

மே 11
விடியும்போது உள்ளே ஈரம். கசிவா, மூச்சு படிந்ததா? தையல் வழியே ஒரே இடத்தில் சொட்டினால் கசிவு. துணியின் உள்பக்கம் முழுக்க ஒரே சீராக ஈரம் பூத்திருந்தால் மூச்சுக்காற்றின் வேலை. இது இரண்டாவது. குளிருக்குப் பயந்து காற்றுத்துளைகளை மூடினால் இப்படித்தான் ஆகும். இரு முனையும் திறந்திருக்க வேண்டும். நைலான் வெளித்துணி நனைந்தால் நீண்டு தொய்யும், உள்துணியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு தூங்கும் பையும் நனையும். படுக்கப் போகுமுன் கயிறுகளை ஒருமுறை இறுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது.

மே 12
ஓல்டு நாக்ஸ் ஹெட், ஈடேல் பப். பெனைன் வே நெடும்பாதை இங்கே தொடங்கி ஸ்காட்லாந்தின் கிர்க் யெட்ஹோம் வரை 268 மைல் போகிறது. திறந்தது 1965 ஏப்ரல் 24. மேட்டுக்கு மேற்கே உள்ள ஹேஃபீல்டு ஊரிலிருந்து கிளம்பிய கூட்டம், தனியார் நிலம் என்ற தடையை மீறிக் கின்டரில் ஏறியதும் ஏப்ரல் 24தான், 1932இல். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள்.

பப்பில் மேஜையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். மேஜை எண்ணைப் பார்த்துக்கொண்டு போய், பாரில் சொல்லிப் பணம் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒரு பைன்ட் 568 மி.லி.; ஏற்றம் பாக்கியிருந்தால் பாதி போதும். கைப்பம்பில் வரும் ஏல் பியர் ஜில்லென்று இருக்காது. நிலவறைக் குளிர்ச்சிதான் அதன் பக்குவம், குறை சொல்லக் கூடாது. பாருக்கு முன்பே அடுப்படி மூடிவிடும். மே மாதத்தில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதால் பசியோடு தாமதமாக இறங்குகிறவர்களுக்குக் கிடைப்பது சிப்ஸ் பாக்கெட்தான். காலையிலேயே நேரம் கேட்டு வைப்பது நல்லது.

மே 13
ஹாலின்ஸ் கிராஸ் கணவாய், மாம் டார் குன்று (517 மீ.). அடியில் நொறுங்கும் களிப்பாறை, மேலே மணற்கல். மழை ஊறினால் சரியும். மறுபக்கச் சாலையைச் செப்பனிட்டுச் சலித்து 1979இல் மூடிவிட்டார்கள். தார் படலம் படலமாகப் பிளந்து கிடக்கிறது, பார்க்கத்தக்கது.

மேற்கே மேகம். போதாது.

மே 14
அதிகாலைக் குளிர். அடுப்புக்கு வெறும் பியூட்டேன் வாயு உருளை என்றால் பூஜ்ய டிகிரிக்குப் பக்கத்திலேயே சோர்ந்துவிடும். எரிய எரிய இன்னும் குளிரும். புரொப்பேன் கலந்தது வாங்க வேண்டும். கூடாரத்துக்குள் அடுப்பு கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடு.

மே 15
மழை! இரவு முழுக்க. பக்கத்துக் கூடாரத்தில் முணுமுணுப்பு.

ஆனால் கின்டர் மேடு முழுக்கக் கரிமண் (மக்கிய தாவரம் படிந்த சதுப்பு மண், பீட்). முன்பெல்லாம் வெறும் மண்ணில் விழுந்த மழை வாய்க்கால் வழியே உடனே பாய்ந்துவிடும். இப்போது அரிப்புப் பள்ளங்களில் தடுப்பு வைத்து ஸ்பாக்னம் பாசி நட்டிருக்கிறார்கள். தண்ணீர் நின்று நிதானமாக இறங்கும். மண்ணுக்கு நல்லதுதான். ஆனால் அருவி எப்போது நிறையும்? காற்று எப்போது திரும்பும்? இரண்டும் சேர வேண்டும்: கின்டர் டவுன்ஃபால் மேற்கு பார்த்த விளிம்பு, பலத்த மேல்காற்று அடித்தால்தான் விழுகிற தண்ணீர் மேலே எழும்பிச் சாரலாகத் திரும்பும்.

மே 16
மேல்காற்று. ஜேக்கப்ஸ் லேடர் படிகள், கின்டர் லோ உச்சி (633 மீ.), பிறகு விளிம்புப் பாதையில் வடக்கே, போக ஏறத்தாழ 8 கி.மீ. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓ.எல். 1 நடைபாதை வரைபடம், திசைகாட்டி. மேட்டின் நடுவே குறுக்குவழி வேண்டாம்: கரிமண் பள்ளங்களுக்குள் இறங்கினால் தொடுவானமே தெரியாது, மூடுபனியில் சுற்றிச் சுற்றி வர நேரும். வந்த வழியே திரும்பல். சாரல் பக்கம் போகுமுன்பே மழைச்சட்டை. கிளம்பல் ஆறரைக்கு.