ஒரே மேசை, மூன்று ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மேசை பிடிப்பதே தனி ஆராய்ச்சி. பிடித்தாயிற்று. மூவருக்கும் ஆளுக்கொரு துறை: அக்காவுக்கு வயிற்று ஸ்கேன் எடுப்பது, அத்தானுக்கு உலோகத் தேய்மானம், எனக்கு 1887-இல் இங்கே தொடங்கிய ‘சிங்கை நேசன்’ இதழ்.

அத்தான் தே தாரிக் கோப்பையை மேசையில் தேய்த்தபடி ஆர்ச்சர்ட் என்பவரின் 1953 தேய்மான விதியைச் சொன்னார்: சுமையும் உரசும் தூரமும் கூடினால் தேய்மானம் கூடும், உலோகம் கடினமானால் குறையும். வழவழப்பாகத் தெரியும் இரண்டு பரப்புகளும் உண்மையில் சில நுண்ணிய மேடுகளில்தான் தொட்டுக்கொள்கின்றனவாம். எம்ஆர்டி ரயில் வளைவில் கிறீச்சிட்டால் எல்லாரும் முகம் சுளிப்பார்கள்; இவர் மட்டும் காதைத் தீட்டுவார்!

அக்காவின் கவலை வேறு. “ஒரே ஒரு பரோட்டாதான் சாப்பிட்டேன்” என்று அல்ட்ராசவுண்டுக்கு வந்து நிற்கிறார்களாம். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், பித்தக்கல்லைப் பார்ப்பது சிரமம். குடலில் காற்று சேர்ந்தால் ஒலியலை அதைத் தாண்டாது. வெறும் வயிற்றோடு வரச் சொல்வது அதற்குத்தான்.

‘சிங்கை நேசன்’ இதழின் மங்கிய அச்சுப் பக்கம் ஒன்றை அவளிடம் காட்டினேன். சாம்பல் நிறங்களுக்குள் வித்தியாசம் தேடுவதே அவள் பிழைப்பு. கைப்பேசியில் கான்டிராஸ்டைக் கூட்டிக் குறைத்தாள். நான் படிக்க முடியாமல் விட்டுவைத்திருந்த ஒரு வரியில் பாதி தெரிந்தது. மீதிப் பக்கங்களும் அவளுக்கு அனுப்பியாயிற்று.